தோழர் எழுதும் சரித்திரம்

ஈழநாட்டுச் சைவத் தமிழர் இல்லங்களில் ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறி, வந்தவர்கள் மதிய போசனம் முடித்து விடைபெறும் வேளையில், அவர்கள் கையிலே ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படுவது வழக்கம். முன்னோர் அதனைக் கல்வெட்டு என்றனர். இப்போது நினைவு மலர் என்கிறோம். வயல் உழுது, பிள்ளைகளை வளர்த்து, ஊரோடு ஒத்து வாழ்ந்து மறைந்த ஒரு சாதாரண இல்லறத்தானுக்கும் அச்சிட்ட சரித்திரம் ஒன்று இருக்கவேண்டும் என்னும் இச்சம்பிரதாயத்தின் அருமையை நம்மவர் பலர் உணர்வதில்லை. ஆனால் கிளிநொச்சியின் கடந்த காலத்தை ஆராயப் புகுவோனுக்கு இம்மலர்களும், சிறப்பாக அவற்றிலே அமரரின் ஆயுட்காலத் தோழர் எழுதும் பக்கங்களும், அரசாங்கப் பத்திரங்கள் தராத செய்திகளைத் தருகின்றன என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

கல்வெட்டின் அமைப்பு பெரும்பாலும் ஒரே வகையினது. முதலில் அமரரின் உருவப்படம், தோற்றம், மறைவு என்னும் இரு திகதிகளுடன் இருக்கும். அடுத்து வருவது திதி வெண்பா. இறந்த வருடம், மாதம், பக்ஷம், திதி ஆகியவற்றை நான்கு அடிகளுக்குள் அடக்கி, ஆண்டுதோறும் சிராத்தம் செய்யவேண்டிய பிள்ளை மறவாதபடி கையில் தரும் செய்யுள் அது. பின்னர் விநாயகர் துதியும் பஞ்சபுராணமும், சிவபுராணமோ கந்தசஷ்டி கவசமோ முழுமையாகவும் வரும்; இறந்தவரின் பெயரால் வெளியாகும் புத்தகம் வீட்டுப் பூசையறையில் நித்திய பாராயணத்துக்குப் பயன்படவேண்டும் என்பது நோக்கம். அதன்பின் வாழ்க்கை வரலாறு, வம்ச விருட்சம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என உறவின் முறைவழியே இரங்கற் பாக்கள் தொடரும். இவற்றை ஊர்ப் புலவரோ தமிழாசிரியரோ வீட்டாருக்காகப் பாடிக் கொடுப்பார். கேட்டவருக்குச் சரமகவி பாடிக் கொடுத்தல் படித்தவர்களின் கடமைகளுள் ஒன்றாக ஒருகாலத்தில் எண்ணப்பட்டது. நன்றி நவிலலுக்குச் சற்று முன்னே, பெரும்பாலும் வசனத்தில், நண்பருடைய கட்டுரை இடம்பெறும்.

மறைந்த தோழனுக்காக நண்பன் வாய்திறப்பது தமிழில் மிகப் பழைய மரபு. பாரியை இழந்த கபிலர் பாடிய கையறுநிலைப் பாடல்களை அறியாதார் இலர். நம் பொருளுக்கு அவற்றினும் நெருங்கியது பொத்தியார் வரலாறு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தாமும் உடனிருந்து உயிர்விட எண்ணிய பொத்தியாரை, அவர் மனைவி கருவுற்றிருந்தமை கருதி, மகன் பிறந்தபின் வருக என்று சோழன் திருப்பி அனுப்பினான். மகன் பிறந்தபின் அவர் மீண்டு வந்தபோது சோழன் நடுகல்லாகியிருந்தான். அக்கல்லை நோக்கித் தமக்குரிய இடம் யாது என்று புலவர் வினவினார். உயிரினும் இனிய நண்பனை, முதலில் இல்லறக் கடனைத் தீர்த்து வா என்று வழியனுப்பிய அம்மன்னனின் சொல்லிலே, நட்பும் குடும்பமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரு அறங்கள் என்னும் தமிழ்க் கொள்கை துலங்குகிறது. ஆங்கிலக் கவி டெனிசன், 1833இல் இளவயதிலே இறந்த தோழர் ஹாலமை நினைந்து ஆண்டுக்கணக்காய்ப் பாடிச் சேர்த்து 1850இல் வெளியிட்ட நெடும்பாட்டும் இவ்வினத்ததே. கவியரசர்களின் தோழர்களுக்கு மேனாட்டில் வாய்த்த இந்தப் பேறு, நம் நாட்டில் கமக்காரனுக்கும் கடைக்காரனுக்கும் வாய்த்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவியபின் அச்சுக்கலை யாழ்ப்பாணத்துச் சைவரிடையே வேரூன்றியது. காலப்போக்கில், சுன்னாகம் திருமகள் அழுத்தகம் போன்ற அச்சகங்கள் பெருகப் பெருக, கல்வெட்டு அச்சிடுதல் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டிய காரியமாயிற்று. 1959இல் யாழ்ப்பாணத்தில் ஈழநாடு தோன்றியபின் உள்ளூர்ப் பத்திரிகையிலும், அதனோடு இலங்கை வானொலியிலும், மரண அறிவித்தல் கொடுப்பது வழக்கமாயிற்று. அவ்வறிவித்தலின் நடையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் தந்தையும், மாமனாரும், மைத்துனரும், பேரனும் ஆவார் என்று அது உறவு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கிச் செல்லும். ஐம்பது ஆண்டு கூடவே திரிந்த தோழருக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை. உற்றார், உறவினர், நண்பர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும் என்னும் கடைசி வரியிலே, செய்தியைக் கேட்பவர்களுள் ஒருவராகவே அவர் வருகிறார். அவரைப் பேசவைப்பது நினைவு மலர் ஒன்றே.

இவ்வழக்கம் வன்னிக்கு, அதிலும் கிளிநொச்சிக்கு, வந்தபோது புதிய பொருள் பெற்றது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. அந்நீரை நம்பி, யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும்பொருட்டு, 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தாபிக்கப்பட்டது. ஐம்பதுகளில் வட்டக்கச்சி முதலிய இடங்களிலும் குடியேற்றங்கள் வளர்ந்தன. பின்னர் விசுவமடு, முத்தையன்கட்டுப் பகுதிகளில் படித்த வாலிபர் திட்டங்கள் தோன்றின. எழுபதுகளில் வன்செயலுக்கு அஞ்சி வெளியேறிய மலையகத் தமிழரும் வன்னிமண்ணில் வந்து குடியமர்ந்தனர். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று.

தீவுப்பகுதியிலிருந்து ஒருவர், வடமராட்சியிலிருந்து ஒருவர், தென்மராட்சியிலிருந்து ஒருவர் என வந்து, பக்கத்துப் பக்கத்துக் காணிகளிலே காடு வெட்டி, மலேரியாக் காய்ச்சலோடும் காட்டு யானையோடும் மல்லாடிய அந்த முதற் குடிகளுக்கு, ஆபத்துக்கு ஓடிவர மாமனோ மச்சானோ அருகில் இல்லை. உறவு ஆனையிறவுக்கு அப்பால் இருந்தது. பக்கத்துக் காணிக்காரரே மகப்பேற்றுக்கு வண்டில் கட்டினார், செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டார், சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தபோது தம் முறையில் பாதியை விட்டுக்கொடுத்தார். பழைய ஊர்களில் இரத்த உறவு செய்த வேலையைக் குடியேற்றத்தில் சிநேகம் செய்தது. ஆகையால், கிளிநொச்சிக் குடும்பஸ்தர் ஒருவரின் வாழ்க்கைக்கு உண்மையான சாட்சி, வம்ச விருட்சத்திலே பெயரில்லாத அந்தத் தோழரே.

அரசாங்கம் அக்குடும்பஸ்தரைப் பற்றி எழுதிவைத்தது மிகச் சொற்பம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தில், நம்மவர் பேச்சில் பெர்மிற்றில், காணியின் பரப்பும் எல்லைகளும் நிபந்தனைகளும் பின்னுரித்தாளியின் பெயரும் இருக்கும். அக்காணியிலே நின்ற பாலைமரங்களைத் தறித்தவர் யார், முதற் கிணற்றை இறைத்து மண் அள்ளியவர் யார், பிள்ளைகள் படிக்கக் கிடுகுக் கொட்டில் போட்டவர் யார் என்பன அதில் இல்லை. வன்னியில் மிகப் பிரசித்தமான ஞாபகக்கல்லோ ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது; 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் என்பான் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அதிற் பொறித்த செய்தி. வென்றவன் பொறித்த அக்கல் மன்னனுடைய தோல்வியைச் சொன்னது, வாழ்வைச் சொல்லவில்லை. மனிதரின் வாழ்வை, அவர்கள்மேல் அன்புவைத்தவர்களே எழுதவேண்டும்.

என் தோழர் ஒருவர் காலமானபோது அவருடைய மலருக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிள்ளைகள் தம் தகப்பனாரைப் பற்றி எழுதியிருந்தவை அனைத்தும் மெய்யே. அவர் பாசமுள்ளவர், கண்டிப்பானவர், கோயிலுக்குத் தவறாதவர். ஆயினும் அவர்கள் அறியாதவை சில எனக்குத் தெரியும். இரவுத் தண்ணீர் முறையின்போது, தம் வயல் மடையைக் கட்டிவிட்டு வீடு திரும்பாமல், அயலிலே கணவனை இழந்த ஒரு பெண்ணின் வயலுக்கு மடை திறந்து, வரம்பில் மண்வெட்டியைச் சாய்த்து விடியும்வரை காவலிருந்து, பொழுது புலருமுன் அங்கு நில்லாமற் போய்விடுவார். தம் மனைவிக்கன்றி வேறொருவருக்கும் அதனைச் சொல்லாதவர், ஒரு நாள் தாம் காய்ச்சலாய்க் கிடந்தபோது அந்த வேலையைச் செய்யும்படி என்னை அனுப்பியதனாலேயே நான் அறிந்தேன். இடம்பெயர்வு தோறும் அவர் தோளில் தொங்கிய பையிலே காணிப் பெர்மிற்றும், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும், பொலித்தீன் உறையிற் சுற்றிய அவர் தகப்பனாரின் கல்வெட்டும் இருந்தன. எந்த மரநிழலில் ஒதுங்கியிருந்தாலும், அந்த வெண்பாவைப் படித்துத் திதி பார்த்து, அரிசி கிடைத்தால் சோறும் கிடையாவிட்டால் எள்ளுந் தண்ணீருமாகத் தகப்பனுக்கு அவர் கடன் கழித்ததை நான் கண்டிருக்கிறேன். கணவராகவும் தந்தையாகவும் அவர் எத்தகையவர் என்பதை வீட்டார் சொல்லலாம். அந்தக் குணம் வீட்டு வேலியைத் தாண்டி எவ்வளவு தூரம் சென்றது என்பதைத் தோழரே சொல்லமுடியும்.

யுத்தம் இச்சம்பிரதாயத்தின் ஆணிவேரையே பிடித்து அசைத்தது. 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையிலே தாளும் மையும் அருந்தலாயின. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகிய காலம் அது. 1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது சனங்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி எனச் சிதறினர். 2002இன் யுத்த நிறுத்தத்தின்பின் ஊர் மீண்டும் தளிர்த்தது; ஆனால் 2009 சனவரி 2இல் நகரம் மறுபடி வீழ்ந்தபோது, பரந்தன் முல்லைத்தீவு வீதிவழியே தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கே நகர்ந்த சனத்திரளில் இறந்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. பதுங்குகுழியருகே அவசரமாய் மண் மூடிய தகப்பனுக்கு எந்தத் திதியைச் சொல்வது? திதி தெரியாதவர்கள் பலர், தகப்பனை நினைந்து ஆடி அமாவாசையையும் தாயை நினைந்து சித்திரா பௌர்ணமியையும் பிடித்துவருகிறார்கள். தலைமுறை தலைமுறையாய்ப் பேணிய கல்வெட்டுகளும் உருவப்படங்களும் காணி உறுதிகளும் பாதைநெடுக விடப்பட்டன. யுத்த முடிவில் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளத்து முகாம்களிலிருந்து ஊர் திரும்பியோரிற் பலரிடம், முன்னோரைப் பற்றி எஞ்சியிருந்தது உயிரோடிருந்த சிநேகிதரின் ஞாபகம் மாத்திரமே.

இன்று மலர்கள் மறுபடி வெளிவருகின்றன. வழுவழுப்பான தாளில், வர்ணப் படங்களுடன், சிலசமயம் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வடிவமைக்கப்பட்டு வருகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இத்தகைய மலர்களையும் தேடி எண்ணிமப்படுத்திப் பாதுகாத்து வருவது நன்றிக்குரிய தொண்டு. ஆயினும் அண்மைக்காலத்து மலர்களைப் புரட்டுகையில் எனக்கு மனக்குறை ஒன்று உண்டாகிறது. படங்கள் பெருகியிருக்கின்றன, வரலாறு சுருங்கியிருக்கிறது. ஒருவருக்கு எழுதிய புலம்பலே பெயர்மாற்றி இன்னொருவருக்கும் பொருந்துகிறது. நண்பருடைய கட்டுரைக்குப் பதிலாகச் சங்கங்களின் அனுதாபச் செய்திகள் பக்கத்தை நிரப்புகின்றன. முதற் குடியேற்றக்காரர்களைக் கண்டவர்கள் இப்போது எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள்; அவர்கள் மறைந்தால், எந்த வாய்க்காலை எவர் வெட்டினார், எந்தப் பள்ளிக்கூடம் எவருடைய வளவில் தொடங்கியது, 1958இலும் 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்கு எந்த வீட்டுத் திண்ணையில் இடங்கிடைத்தது என்பனவெல்லாம் அவர்களோடு போய்விடும்.

ஆகவே, பிதாவை இழந்து மலர் வெளியிட முனையும் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் துணிவது இது. தகப்பனாரின் பழைய கூட்டாளியைத் தேடிச் செல்லுங்கள். புகழ்ச்சி வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எந்த ஆண்டு எந்த ஊரிலிருந்து வந்தார், முதல் விளைச்சல் எத்தனை மூடை, யாரோடு கூட்டுச் சேர்ந்து காடு வெட்டினார், எந்த இடம்பெயர்வில் எங்கே தங்கினார், யாருக்கு என்ன உபகாரம் செய்தார் என்று ஒவ்வொன்றாய் விசாரித்து, ஊர்ப்பெயரும் ஆண்டும் தவறாமல் எழுதுங்கள். அச்சிட்டபின் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கும் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்துவிடுங்கள். தோழரை இழந்து தவிக்கும் முதியவர்களுக்கும் ஒரு வார்த்தை: துக்கம் ஆறட்டும் என்று காத்திராதீர்கள். அவரைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை முப்பத்தோராம் நாளுக்கு முன்னே எழுதிக் கொடுங்கள். கை நடுங்கினால், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சொல்லி எழுதுவியுங்கள்.