யாழ். நகருக்கு மீண்ட புகையிரதம்: மக்கள் கேட்டதும் பெற்றதும்

1990 ஜூன் மாதத்தில் நின்றுபோன புகையிரதம், 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ். நகருக்குத் திரும்பி வந்தது. இடையில் இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டுகளில் குடாநாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை, தனது சொந்த ஊரில் ஓடும் புகையிரதத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டது. முதியவர்களுக்கோ அது இழந்த உறவொன்று வீடு திரும்பியது போன்ற நிகழ்வாகும்.

இச்சேவை மீளவேண்டும் என்பதில் வடபகுதி மக்களிடம் மாற்றுக் கருத்து பெரிதாக இருக்கவில்லை. அரசியலில் எதிரெதிர்த் திசைகளில் நின்றோரும் இவ்விடயத்தில் ஒத்த குரலிலேயே பேசினர். எனினும் அந்த ஆதரவு கைதட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தப்பட்டதா, அல்லது அம்மக்களின் தேவைகளும் கேட்டறியப்பட்டனவா என்ற வினா அன்று எழுப்பப்படவில்லை. பாதை திறந்து ஆண்டுகள் பல சென்றுவிட்ட நிலையிலும் அவ்வினாவுக்கு முழுமையான விடை கிடைத்துவிட்டதாகக் கூறமுடியாது.

யாழ்ப்பாணத்தார் புகையிரதம் வேண்டிக் குரலெழுப்பியது அது முதற்தடவை அன்று. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இல் பாதை அமைக்கப்பட்டபோது, அதன் நோக்கம் மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதாகவே இருந்தது. வடக்கே ஏற்றிச்செல்லத் தோட்டப் பயிர் இல்லை. இடையிலுள்ள வன்னிப் பெருங்காடோ குடிசனம் குறைந்த பகுதி. அதனூடாகப் பாதை போட்டால் செலவிட்ட பணம் மீளுமா என்பதே குடியேற்ற ஆட்சியாளரின் தயக்கமாகும். மனுக்களும் பத்திரிகை எழுத்துகளும் சட்டசபை உரைகளுமாக நீண்டகாலம் நடைபெற்ற கிளர்ச்சியின் பின்னரே, தேசாதிபதி வெஸ்ட் ரிட்ஜ்வேயின் காலத்தில் வடபகுதிப் பாதை உறுதிப்பட்டது. அதிலும் ஒரு விந்தை உண்டு. இப்பாதையின் வடபகுதி அந்தமே முதலில் திறக்கப்பட்டது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902 இல் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது கொழும்புடன் அதற்குத் தொடர்பே இருக்கவில்லை. 1905 இல்தான் தலைநகரிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான பாதை முழுமை பெற்றது. ஆகவே, தலைநகருக்குப் போகும் வழியாவதற்கு முன்னரே குடாநாட்டின் ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வண்டியாக அது இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

யாழ்ப்பாண நிலையம் ஸ்ரான்லி வீதியில், நகரின் நெஞ்சுக்கு அண்மையில் அமைந்தது. சந்தையும் வைத்தியசாலையும் கடைத்தெருக்களும் அதிக தூரத்தில் இல்லை. கையில் மூட்டையுடன் இறங்கும் பயணி தன் அலுவலிடத்துக்கு நடந்தே செல்லலாம். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என அடுத்தடுத்து நிலையங்கள் இருந்தமையால் மாணவரும் எழுதுவினைஞரும் அன்றாடம் இதனைப் பயன்படுத்தினர். 1956 ஏப்ரல் 23 இல் யாழ்தேவி என்ற கடுகதி வண்டி சேவைக்கு வந்தது. இரவுத் தபால் வண்டியில் புழுக்கொடியலும் பனங்கட்டியும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கொழும்புக்குச் சென்ற காலத்தை எமது தலைமுறையினர் தமது சிறுவயதில் கண்டிருக்கின்றனர். சின்ன வெங்காயமும் புகையிலையும் தெற்கின் சந்தைகளுக்குப் போயின. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உற்பத்தியும் இப்பாதை வழியே சென்றது. யாழ். நகரின் முஸ்லிம் வணிகர்களும் கொழும்புக் கொள்வனவுக்கு இதையே நம்பியிருந்தனர். சோனகத் தெருவிலிருந்து நிலையத்துக்கு வரும் வியாபாரியும் கந்தோர் உத்தியோகத்தரும் ஒரே பெட்டியில் அமர்ந்து பயணம் செய்தனர். அதனை அக்காலத்தில் எவரும் ஒரு செய்தியாகக் கருதவில்லை.

பின்னர் யுத்தம் வந்தது. 1985 ஜனவரி 19 இல் படையினரை ஏற்றிவந்த யாழ்தேவி முறிகண்டிக்கு அண்மையில் குண்டுவெடிப்புக்கு இலக்கானது. சேவை தடைப்பட்டும் தொடர்ந்தும் தள்ளாடியது. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்ததும் வண்டிகள் வவுனியாவுடன் நின்றன. அதே ஆண்டு ஒக்டோபரில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அம்மக்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. நான்கு மாத இடைவெளியில் நகரம் தனது புகையிரதத்தையும் தனது மக்களில் ஒரு பகுதியினரையும் இழந்தது. முதலாவது இழப்பு நாடறிந்தது. இரண்டாவதைப் பற்றி நகரம் நீண்டகாலம் தாழ்ந்த குரலிலேயே பேசியது.

அடுத்துவந்த ஆண்டுகளில் கொழும்புக்குச் செல்வதே ஒரு சோதனையாயிற்று. கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தோர் பலர் திரும்பி வரவில்லை. பின்னர் திருகோணமலைக்குக் கப்பல், பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம் என வழிகள் திறந்தன. கட்டணமும் அனுமதிப் பத்திரமும் சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. இக்காலப்பகுதியில் புகையிரதப் பாதையும் மெல்ல மெல்ல மறைந்துபோனது. தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் இரு தரப்பினருமே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் எடுத்துச் சென்றனர். கல்லிட்ட மேடுமட்டும் பற்றைக்குள் எஞ்சியது. 2002 சமாதான காலத்தில் ஏ-9 வீதி திறந்தபோது பேருந்துகள் ஓடின. 2006 ஓகஸ்டில் அவ்வீதியும் மூடப்பட்டது. இவ்வளவும் கண்ட மக்கள் புகையிரதத்தை விரும்பியமைக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. கொழும்பில் மருத்துவம் பார்க்கவும், கடவுச்சீட்டு அலுவலுக்கும், சிறையிலிருக்கும் உறவினரைக் காணவும் குறைந்த செலவில் சென்றுவரக்கூடிய வழியொன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது.

யுத்தத்தின் இறுதி மாதங்களில், 2009 இல், அரசாங்கம் 'வடக்கின் நண்பன்' என்னும் பெயரில் ஒரு திட்டத்தை முன்வைத்தது. பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை பெற்று வடபகுதி நிலையங்களை மீளக் கட்டுவது அதன் நோக்கம். தெற்கிலிருந்து நல்லெண்ணத்துடன் பணம் வழங்கியோர் இருந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாதையின் பெரும்பகுதி எழுந்தது இந்தியக் கடனுதவியில்தான். இர்கொன் என்ற இந்திய அரசுத்துறை நிறுவனம் ஓமந்தையிலிருந்து பளை வரை சுமார் 90 கிலோமீற்றரையும், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றரையும், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை 106 கிலோமீற்றரையும் அமைத்தது. இது கடனுதவியே, நன்கொடை அன்று. வடபகுதிக்கு வழங்கப்பட்ட பரிசு என்று மேடைகளில் பேசப்பட்டபோது, அதனைத் திருப்பிச் செலுத்துவது நாட்டின் எல்லா வரியிறுப்பாளருமே என்பது சொல்லப்படாமல் விடப்பட்டது.

வண்டி படிப்படியாக வடக்கு நோக்கி நகர்ந்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2 ஆம் திகதி காங்கேசன்துறை. கடைசித் திறப்பு விழாவுக்கும் ஜனாதிபதித் தேர்தலுக்கும் இடையில் ஆறு நாட்களே இருந்தன. வடபகுதி வாக்காளர் புகையிரதத்தில் ஏறினர். ஆயினும் வாக்கை வேறு பக்கம் இட்டனர். தண்டவாளத்துக்கு நன்றி கூறுவதும் வாக்களிப்பதும் வெவ்வேறு விடயங்கள் என்று அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

உள்ளூர் ஆதரவு என்னும்போது இன்னொரு சாராரையும் நினைவுகூர வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கைவிடப்பட்ட நிலையக் கட்டடங்களிலும் புகையிரதத் திணைக்களக் காணிகளிலும் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன. பாதை வருமென்றால் அவை எழும்பியாக வேண்டும். புகையிரதம் வருவது நல்லதுதான், நாங்கள் எங்கே போவது என்ற அவர்களின் கேள்வி, ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் இடைப்பட்டது. சொந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தவர்களுக்கு அக்கேள்வி மேலும் கூர்மையானது. தெல்லிப்பழைக்கு வடக்கே புகையிரதம் ஓடத் தொடங்கிய வேளையில், பாதையின் இருமருங்கிலும் இருந்த ஊர்கள் பல இன்னும் படையினர் வசமே இருந்தன. மாவிட்டபுரத்தைப் பெட்டியின் யன்னலூடாகப் பார்க்கலாம். இறங்கித் தன் வளவுக்குப் போகமுடியாது என்ற நிலை சிலருக்கு இருந்தது.

பாதை திறந்தபின் எழுந்த மிகப் பெரிய பிரச்சினை கடவைகளாகும். இருபது ஆண்டுகளுக்கு மேல் வண்டி ஓடாத நிலத்தில் புதிய ஒழுங்கைகளும் குடியிருப்புகளும் தோன்றியிருந்தன. பிள்ளைகள் பாதைமேட்டில் நடந்து பழகியிருந்தனர். பழைய கரி எஞ்சின் தூரத்திலேயே தன் வரவை அறிவிக்கும். புதிய பாதையில் வண்டியின் வேகம் அதிகம், ஓசை குறைவு. பாதுகாப்பற்ற கடவைகளில் விபத்துகள் தொடர்ந்தன. 2019 ஜூனில் கிளிநொச்சியில் இராணுவ வாகனமொன்று புகையிரதத்துடன் மோதியதில் சிப்பாய்கள் பலர் உயிரிழந்தனர். அதற்கு முன்னும் பின்னும் உயிரிழந்த விவசாயிகளும் மாணவரும் உள்ளூர்ச் செய்தியின் இரண்டு பந்திகளோடு மறக்கப்பட்டனர்.

பல கடவைகளில் காவலுக்கு நிறுத்தப்பட்டோர் அயலூர் இளைஞரும் குடும்பத் தலைவர்களுமே. அவர்கள் புகையிரதத் திணைக்களத்தின் நிரந்தர ஊழியர் அல்லர். பொலிஸ் திணைக்களத்தின் ஊடாகத் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட அவர்களுக்கு நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவு வழங்கப்பட்டது. மாதம் முழுவதும் வேலை செய்தால் 7,500 ரூபா. வெயிலிலும் மழையிலும் தகரக் கொட்டிலொன்றில் இருந்து, இரவு வண்டிக்காகக் கண்விழித்து, ஊரவரின் உயிரைக் காப்பவருக்குக் கிடைத்தது இதுதான். நிரந்தர நியமனம் கோரி அவர்கள் பலமுறை பணிப்புறக்கணிப்பும் கவனயீர்ப்பும் நடத்தினர். வாக்குறுதிகள் வழங்கப்பட்டன. புகையிரதத்துக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய உண்மையான ஆதரவு எதுவென்று எவராவது கேட்டால், நாம் திறப்பு விழாக் கூட்டத்தைச் சுட்டமாட்டோம்; இந்தக் கொட்டில்களையே சுட்டுவோம்.

தேவை எவ்வளவு ஆழமானது என்பதைப் பின்வந்த நெருக்கடிகள் காட்டின. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு உச்சமடைந்து பேருந்துக் கட்டணங்கள் எகிறியபோது மக்கள் புகையிரத நிலையங்களை நாடினர். தொடர்ந்து, மஹவ - ஓமந்தைப் பகுதியின் பழைய பாதையைத் திருத்துவதற்காக 2023 இலும் 2024 இலும் மாதக்கணக்கில் கொழும்பு - யாழ்ப்பாணச் சேவை துண்டிக்கப்பட்டது. திருத்தம் அவசியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்காலத்தில் இரவுப் பேருந்தில் இருக்கை கிடைக்காது நின்றுகொண்டே சென்ற நோயாளியிடம் மாற்று ஏற்பாடு பற்றி எவரும் ஆலோசித்ததாகத் தெரியவில்லை. நேர அட்டவணையும் அவ்வாறே. அது கொழும்பிலிருந்து வரைந்து அனுப்பப்படுகின்றது. யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே, யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, பாடசாலை நேரத்துக்கும் அலுவலக நேரத்துக்கும் பொருந்தும் உள்ளூர் வண்டிகள் போதிய அளவில் வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பழைய அனுபவமே சான்று. 1902 இல் இப்பாதை அவ்வாறுதான் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்து, பின்னர் விட்டுவிட்டுச் சேவை நடந்தபோதும், கப்பலையும் வண்டியையும் நேரத்தால் இணைப்பது பற்றிய பேச்சு போதிய அளவில் எழவில்லை. 1914 இல் தனுஷ்கோடிக் கப்பலையும் தலைமன்னார் வண்டியையும் ஒரே பயணச்சீட்டில் இணைத்த நாடு இது.

தலைமன்னார் பாதை 2015 மார்ச் 14 இல், இந்தியப் பிரதமர் மோடியின் வருகையின்போது திறந்துவைக்கப்பட்டது. மன்னாரில் மீளக்குடியேறிய முஸ்லிம் குடும்பங்களுக்கு அது ஓரளவு கைகொடுத்தது. யாழ். முஸ்லிம்களின் நிலை வேறு. வெளியேற்றப்பட்டோரில் பெருந்தொகையினர் புத்தளத்தில் வேரூன்றிவிட்டனர். திரும்பிவர விரும்பியோருக்கு வீட்டுத்திட்டம், காணி உறுதி, வாக்காளர் பதிவு எனத் தடைகள் பல. ஒரு காலை புத்தளத்திலும் மறுகாலை சோனகத் தெருவிலும் ஊன்றி வாழும் குடும்பங்கள் உருவாயின. தந்தை யாழ்ப்பாணத்தில் கடை நடத்துவார். பிள்ளைகள் புத்தளத்தில் படிப்பர். அத்தகையோருக்குப் புகையிரதம் மெய்யாகவே ஓர் உயிர்நாடியாக இருந்திருக்க முடியும். புத்தளத்திலும் புகையிரத நிலையம் உண்டு. ஆனால் அப்பாதை கொழும்புப் பக்கமே செல்கின்றது. வடபகுதி வண்டியைத் தொடுவதற்கு அது தெற்கே ராகம வரை அவர்களைச் சுற்றவைக்கும். எனவே யாழ்ப்பாணம் வர விரும்புபவர் புத்தளத்தில் பேருந்து ஏறி, அநுராதபுரத்தில் இறங்கி, அங்கே வடக்கு நோக்கிய வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். பேருந்து பிந்தினால் வண்டி போய்விடும். அடுத்த வண்டி வரை மேடையில் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பேருந்தையும் அந்த வண்டியையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதற்குக் கடனுதவி தேவையில்லை. அநுராதபுர நிலைய அதிபரும் புத்தள டிப்போ முகாமையாளரும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதுமானது.