கீழ் மூலை நட்சத்திரம்

திருச்சிச் சுருட்டின் புகழ் லண்டன் வரை போயிருக்கிறது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே ஹோம்ஸ் சொல்லிவிடுவார். சுருட்டு மரப்பெட்டியில் பயணம் போனது. சிகரெட்டுக்கு வாய்த்ததோ மெல்லிய காகிதப் பொட்டலம். அது நசுங்காமலிருக்க 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கம்பெனிகள் உள்ளே விறைப்பான அட்டை ஒன்றைச் செருகின. வெற்று அட்டை எதற்கு என்று நடிகைகளையும் பேஸ்பால் ஆட்டக்காரர்களையும் அதில் அச்சடித்தன. அப்பா புகைத்தார், பிள்ளை படம் சேர்த்தான்.

அந்தக் காலத்து அரிய அட்டை யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. 1909 முதல் 1911 வரை வந்த ஒரு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரர் தன் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கையில் புகையிலை போவது பிடிக்கவில்லை என்பார்கள் சிலர், பணத் தகராறு என்பார்கள் வேறு சிலர். எப்படியோ அச்சு பாதியில் நின்றது. அப்படித் தப்பி வெளியே வந்த அட்டைகளில் ஒன்று 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

நம் தெருப் பிள்ளைகளுக்கு உள்ளே அட்டை வைத்த சிகரெட் கிடைக்கவில்லை. அதனால் என்ன? பெட்டியையே கிழித்துத் தட்டையாக்கிக்கொண்டார்கள். தரையில் வட்டம் போட்டு, நடுவில் சிகரெட் அட்டைகளை அடுக்கி, கல்லெறிந்து வெளியே தள்ளும் ஆட்டத்தை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சார்மினாரும் சிசர்ஸும் எந்தப் பெட்டிக்கடை வாசலிலும் பொறுக்கலாம், மதிப்பு குறைவு. வில்ஸும் கோல்ட் பிளேக்கும் அதற்கு மேல். 555 வைத்திருந்தவன் ராஜா. சிங்கப்பூரோ வளைகுடாவோ போய் வந்த ஆள் இருக்கும் தெருவில்தான் அது கிடைக்கும், திருச்சியில் அப்படிப்பட்ட தெருக்களுக்குப் பஞ்சமில்லை. மதிப்பு தெருவுக்குத் தெரு மாறியது. ஆனாலும் கணக்கு நேர்மையானது. ஊரில் பெரியவர்கள் எதை அதிகம் புகைத்தார்களோ அது மலிவு, அவ்வளவுதான்.

அரிதை அச்சகத்திலேயே தயாரிக்கலாம் என்று காட்டியது 1993-இல் அமெரிக்காவில் வந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற அட்டை ஆட்டம். வரிசைக்குப் பதினொன்றாக 121 அட்டைகள் கொண்ட பெரிய தாளில் அச்சடித்து வெட்டுவார்கள். சாதாரண அட்டைக்கு ஒரு தாள், அரிய அட்டைக்கு வேறு தாள். கடையில் விற்கும் மூடிய பாக்கெட்டில் முதல் தாளிலிருந்து நிறைய, இரண்டாவதிலிருந்து ஒன்றே ஒன்று. இதுதான் மொத்த ரகசியமும்.

1996-இல் ஜப்பானில் பிறந்த போக்கிமான் அட்டைகள் இதைக் குழந்தைக்கும் புரியும்படி கீழ் மூலையில் குறித்தன. வட்டம் என்றால் சாதாரணம், சாய்சதுரம் என்றால் கொஞ்சம் அரிது, நட்சத்திரம் என்றால் அரிது. 1999-இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுப்பில் 102 அட்டைகள், பாக்கெட்டுக்கு 11. அதில் நட்சத்திரம் ஒன்றுதான் இருக்கும். ஏறக்குறைய மூன்று பாக்கெட்டுக்கு ஒன்றில்தான் அந்த நட்சத்திர அட்டை மின்னும். பாக்கெட்டில் வரும் மின்னும் அட்டைகள் 15 வகை. மிட்சுஹிரோ அரிட்டா வரைந்த சாரிசார்ட் என்ற நெருப்பு டிராகன் அவற்றில் ஒன்று. பெருக்கிப் பாருங்கள், அது கைக்கு வரச் சராசரியாக 45 பாக்கெட் பிரிக்க வேண்டும்.

பிறகு பேராசை வந்தது. 2023-இல் வந்த ‘151’ என்ற தொகுப்பில் ஒரே சாரிசார்ட், ஒரே பலம், ஒரே தாக்குதல், மூன்று அட்டைகள். 6-ஆம் எண்ணில் இரண்டு கறுப்பு நட்சத்திரம், 183-இல் இரண்டு வெள்ளி நட்சத்திரம், 199-இல் இரண்டு தங்க நட்சத்திரம். தொகுப்பின் மொத்தமே 165 என்று அட்டையில் அச்சாகியிருக்க, 199 எங்கிருந்து வந்தது? மொத்தத்தைத் தாண்டிய எண் இருந்தால் அது ஒளித்து வைத்த அட்டை என்று பொருள். ஆட்டத்தில் மூன்றுக்கும் வேற்றுமை இல்லை. சந்தையில் இருப்பதோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. விளையாட்டுச் சாமானை லாட்டரிச் சீட்டாக்கிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த டிராகன் திருச்சிக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, பழைய 555 வந்த அதே வழி. சிங்கப்பூர் மாமா வாங்கி வரும் பாக்கெட். மற்றொன்று, ஸ்ரீரங்கம் தெருக்களிலும் மலைக்கோட்டையைச் சுற்றிய கடைகளிலும் சில்லறைக் காசுக்குத் தொங்கும் தங்க முலாம் அட்டை. அந்தப் பாக்கெட்டைப் பிரித்தால் எல்லா அட்டையும் தங்கம், எல்லாமே உச்ச பலம். எத்தனை அச்சடிப்பது என்று கணக்கு வைப்பவர் யாருமில்லாததால் எதுவும் அரிதில்லை. பல அட்டைகளில் கீழ் மூலையில் குறியே இருக்காது. பாக்கெட்டில் வரும் அசல் அட்டை தங்கத் தகடல்ல, காகிதம். கிழித்தால் நடுவில் கறுப்பாக ஓர் அடுக்கு தெரியும். கிழித்துப் பார்ப்பதற்குள் அட்டை போய்விடும் என்பது வேறு விஷயம்.

போலி என்று தெரிந்தும் பிள்ளைகள் அதை வைத்து உற்சாகமாகத்தான் விளையாடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, பொம்மை பொம்மைதானே. அதையே அரியது, அசல் என்று சொல்லி யாராவது ஆயிரக்கணக்கில் விலை கேட்டால் மட்டும் பணம் எடுக்கும் முன் கீழ் மூலையையும் எண்ணையும் பாருங்கள். சிங்கப்பூர் மாமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாக்கெட்டை அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள், பிரிக்கும் உரிமை பிள்ளைகளுடையது.