அட்டையைக் கிழித்த பிறகு

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பரணில் அம்மா பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் இருக்கின்றன. ஒன்றில்கூட அட்டைப்படம் கிடையாது. வாராவாரம் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைப்பார். வழுவழுப்பான அட்டைகள் எங்கள் பள்ளி நோட்டுகளுக்கு உறையாகும். என் கணக்கு நோட்டின்மேல் ஒரு வருடம் முழுக்க ஒரு பெண் வீணையோடு உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, மூக்குத்தி, மூடிய வாய். அவள் பாடகியா, ஓவியரின் கற்பனையா என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அவளைத் தேடிப் போனபோதுதான் அட்டை என்பது முதலில் கடைக்கான பொருள் என்று புரிந்தது. பெட்டிக்கடைக் கயிற்றில் இதழ்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தொங்கும். கண்ணில் படுவது மேல்பாதிதான். அதனால் இதழின் பெயரும் முகமும் அங்கே ஏறிக்கொண்டன. எட்ட நின்றாலும் தெரியும் சிவப்பும் மஞ்சளும், வாங்குபவரை நேராகப் பார்க்கும் கண்களும் சேர்ந்தன. டிசம்பர் கச்சேரிக் காலம் வந்தால் கூடவே ஒரு தம்புரா. நான் புரட்டிய இசைச் சிறப்பிதழ்களில் வித்வான்கள் பெரும்பாலும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்: வாய் திறந்து, கை உயர்ந்து. பெண்களோ அமர்ந்து புன்னகைக்கிறார்கள். அவர் வேலை செய்கிறார். இவர் காட்சி தருகிறார்.

இந்த அமர்வு பழையது. 1894இல் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகம் வீணை ஏந்திய சரஸ்வதியை வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுவந்தது. பிறகு அச்சில் வந்த இசைப் பெண்கள் பலர் அந்தச் சாயலிலேயே வரையப்பட்டார்கள். வீணையும் பாட்டும் தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபுப் பெண்களை ஊர் பழித்த காலமும் அதுதான். 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. ஒழிய வேண்டிய வழக்கம்தான். ஆனால் அந்தப் பெண்களின் கலை மேடையேறியபோது, அதைக் காத்து வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் மேடைக்குக் கீழேயே நின்றார்கள்.

மேடையிலும் அட்டையிலும் இடம்பிடித்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள். 1941இல் வந்த ‘சாவித்திரி’ படத்தில் அவர் நாரதராக, ஆண் வேடத்தில் நடித்தார். அந்த ஊதியம் சதாசிவமும் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘கல்கி’ இதழுக்கு முதலாயிற்று. அந்த இதழின் வழியே திரண்ட நன்கொடையில் எங்கள் மாவட்டத்து எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழுந்து 1947இல் திறக்கப்பட்டது. கல்கியின் மண்டபம் என்றே அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் அடித்தளத்தில் ஒரு பெண்ணின் குரல் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அட்டை முகத்தைக் கேட்கிறது. பெயரையும் கூலியையும் கேட்பதில்லை. 1949இல் வந்த ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு இசைத்தட்டில் பாடியவர் பெயராக ‘காமினி’ என்று இருந்தது. அது கதாபாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர்.

எங்கள் ஊர்க்காரிக்கு இது புதிதல்ல. 1961க்குப் பிறகு இந்தக் கடலில் பழைய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் முத்துநகர் என்ற பெயர் சென்னை ரயிலில் தினமும் ஓடுகிறது. முத்தைக் காட்டுவார்கள். மூச்சடக்கி மூழ்கியவர்களின் பெயரை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

அட்டையை ஏன் கிழித்தாய் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். “அட்டை கடைக்காரனுக்கு, கதை எனக்கு” என்றார். இப்போது ஓர் இசை இதழைக் கையில் எடுத்தால் நான் முதலில் உள்ளே புரட்டுகிறேன். அட்டையில் இருக்கும் பெண்ணைப் பற்றி உள்ளே எத்தனை பக்கம் இருக்கிறது, அதில் அவள் பாட்டைப் பற்றி எத்தனை வரி, புடவையைப் பற்றி எத்தனை வரி என்று எண்ணுகிறேன். பிறகுதான் காசு கொடுக்கிறேன்.