உணவும் பந்தியும்

அப்போஸ்தலர் பவுலின் கடிதங்களை அடுத்தடுத்து வாசிப்பவருக்கு ஒரு குழப்பம் வரும். ரோமாபுரிச் சபைக்கு எழுதும்போது அவர் மிகவும் தாராளமாக இருக்கிறார். ஒருவர் இறைச்சி உண்கிறார், இன்னொருவர் காய்கறியோடு நிறுத்திக்கொள்கிறார். ஒருவருக்கு ஒரு நாள் விசேஷமானது, மற்றவருக்கு எல்லா நாளும் ஒன்றே. இதற்காக ஒருவரை ஒருவர் குற்றவாளியாக்க வேண்டாம், அவரவர் மனச்சாட்சிப்படி நடக்கட்டும் என்கிறார். சிலைக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, தாம் உண்பது சகோதரன் ஒருவனுக்கு இடறலாகுமென்றால் இறைச்சியையே விட்டுவிடத் தயார் என்கிறார். அதே பவுல்தான் அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்து நின்றார். பேதுரு செய்தது பெரிய துரோகம் போலத் தோன்றாது. புறவினத்துச் சகோதரரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார், அவ்வளவுதான். கொரிந்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்ண, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததையும் பவுல் பொறுக்கவில்லை. இலையில் என்ன பரிமாறப்படுகிறது என்பதில் அவருக்குப் பிடிவாதம் கிடையாது. யாரோடு யார் உட்காரலாம் என்ற கேள்வி வந்தால் அணுவளவும் இளகமாட்டார். பந்தி என்றால் என்ன, அதிலிருந்து ஒருவரை எழுப்பிவிடுவது என்றால் என்ன என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ அன்பு எதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதற்குப் பவுல் போட்ட கோடு அந்த இடத்தில்தான் இருக்கிறது. தமிழகத் திருச்சபையின் முந்நூறு ஆண்டுக் காலப் பூசல்கள் பலவும் உணவையும் பந்தியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தவை என்பது என் முடிவு.

1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலியிடமே அந்தக் குழப்பம் தொடங்கிவிட்டது. கிறிஸ்தவராவதற்கு ஒருவர் பறங்கியராக மாற வேண்டியதில்லை என்று அவர் கண்டுகொண்டது பெரிய விஷயம். காவி உடுத்தார், மரக்கறி உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை நாட்டு வழக்கங்களே, இவற்றில் விக்கிரக வழிபாடு இல்லை என்று வாதாடினார். 1623-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அந்த வாதத்தை ஏற்று அனுமதி தந்தார். ஆனால் நொபிலி மதுரையில் ஏற்கெனவே இருந்த பரதவர் ஆலயத்திலிருந்தும் அதன் குருவிடமிருந்தும் ஒதுங்கியே வாழ்ந்தார். மேல்சாதியார் நெருங்கி வர அது தேவை என்று எண்ணினார். சந்தனத்துக்குக் கிடைத்த அதே இடம் தீண்டாமைக்கும் கிடைத்துவிட்டது. பிறகு உயர்சாதியாருக்குச் சந்நியாசிக் குருக்கள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே இரண்டு வகையானார்கள். இத்தனைக்கும் அனுமதி தந்த 1623-ஆம் ஆண்டு ஆணையே, குலப்பெருமை உள்ளவர்கள் எளியவரை இகழக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தது. சந்தனம் பற்றிய அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வேண்டுகோளை விட்டுவிட்டார்கள்.

சீர்திருத்தச் சபையாரும் இதில் மேலானவர்கள் இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்காரும் வழக்கத்தை விட்டுவைத்தார்கள். 1733-ல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் பெரும் ஊழியம் செய்த உபதேசியார் ராஜநாயக்கன், முன்பு படைவீரராக இருந்தவர், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். திறமையிலும் உழைப்பிலும் அவருக்குக் குறை சொல்ல ஆளில்லை. ஆனாலும் அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதியார் தயங்குவார்கள் என்று மிஷனெரிகள் அஞ்சியதால் அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அந்த அச்சத்தைப் பொறுமை என்று அழைத்தார்கள். அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர் ராஜநாயக்கன். சகிப்புத்தன்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பொறுத்துப்போவதாகச் சொல்கிறவர் வேறு, அதன் சுமையைத் தூக்குகிறவர் வேறாக இருக்கிறார்களா?

இந்தக் கேள்வியின் முழுக் கூர்மையும் தஞ்சாவூரில் வெளிப்பட்டது. வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, அவர் நிழலில் வளர்ந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். சுவார்ட்ஸிடம் பாடம் கேட்ட இன்னொரு மாணவர் மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798-ல் சுவார்ட்ஸ் மறைந்த பின், அடுத்த தலைமுறை மிஷனெரிகள் வேறு மனப்பான்மையோடு வந்தார்கள். அவர்களுக்கு எதிராக 1829 வாக்கில் தஞ்சைக் கிறிஸ்தவர் தரப்பில் சாஸ்திரியார் நான்கு கொடுமைகளை எடுத்துரைத்தார். பெப்ரீஷியஸ் தந்த பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். திருவிருந்தில் சாதிகளைக் கலக்கிறார்கள். திருமணத்திலும் சாவிலும் திருநாளிலும் பூக்களைத் தடுக்கிறார்கள். ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனைகளை நிறுத்துகிறார்கள். இந்தத் தகராறில் சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். தன் மிஷன் தள்ளிவிட்ட கிறிஸ்தவக் கவிஞருக்குத் தன் அரசவையில் இடம் தந்தவர் சரபோஜி மன்னர், ஓர் இந்து. அன்பும் சகிப்பும் அந்த ஆண்டில் தஞ்சைக் கோட்டைக்குள் யாரிடம் இருந்தன என்பதைத் திருச்சபை வரலாறு எழுதுகிறவர்கள் மறைக்கக் கூடாது.

அந்த நான்கையும் ஒரே மூச்சில் சொன்னதுதான் சாஸ்திரியாரின் பெரும் பிழை. அவற்றை ஒரே மூச்சில் தடுத்தது மிஷனெரிகளின் பெரும் பிழை. மணமகளின் கூந்தலில் இருக்கும் பூ யாரையும் சிறுமைப்படுத்துவதில்லை. தமிழ் ராகத்தில் இயேசுவைப் பாடினால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பழைய மொழிபெயர்ப்பை ஒருவர் மார்போடு அணைத்துக்கொள்வதும் அப்படித்தான். இந்த மூன்றிலும் சாஸ்திரியார் பக்கமே நியாயம், காலமும் அதையே காட்டியது. சாஸ்திரியார் உயிரோடிருக்கும்போதே, 1853-ல், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் தமிழ்க் கீர்த்தனைகளைத் திரட்டிச் சபை வழிபாட்டுக்கென்று அச்சிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் பல. பின்னாளில் ஐக்கியத் திருப்புதல் வந்த பிறகும் லுத்தரன் சபையார் பெப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பை நெடுங்காலம் கைவிடவில்லை. அதனால் யாருடைய விசுவாசமும் கெட்டுப்போகவில்லை. ஆனால் எஞ்சிய ஒன்று, திருவிருந்தில் சாதிகளைக் கலப்பது பற்றிய முறையீடு, வேறு இனத்தைச் சேர்ந்தது. ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தையும் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் பக்கத்தில் நிற்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லும் உரிமை அது கேட்டது. இதை மற்ற மூன்றோடு சேர்த்துக் கட்டியதால், நல்ல வழக்குக்கு ஆதரவு கிடைக்காமல் போயிற்று, கெட்ட வழக்குக்குப் பூவும் பாட்டும் போர்வையாயின. சாஸ்திரியாரின் பாடல்களை இன்று ஒடுக்கப்பட்டோர் நிறைந்த சபைகளும் உரிமையோடு பாடுகின்றன. பாட்டையும் சாதியையும் பிரிக்க முடியாது என்று அன்று நினைத்த இரு தரப்புக்கும் அந்தப் பாடகர்களே பதில்.

1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளர் பலர் வெளியேறினார்கள். 1840-களிலிருந்து அவர்களில் பலருக்கு லைப்சிக் மிஷன் அடைக்கலமாயிற்று. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் ஓர் ஆழ்ந்த தமிழ் அறிஞர். அவர் சொன்னதைத் தட்டிவிட முடியாது. சாதி என்பது சமூக ஏற்பாடு, சமயம் அல்ல. கட்டளையால் உடைத்தால் வெளிவேஷம்தான் மிஞ்சும். சுவிசேஷம் உள்ளே வேலை செய்ய விட்டால் தானாக உதிரும் என்றார் அவர். இதோடு இன்னொரு நியாயமும் சேரும். வில்சனின் நாட்டில் அக்காலத்தில் ஆலய இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. பணக்காரர் முன்னே, ஏழைகள் பின்னே. தமிழ்க் கிறிஸ்தவரைக் கண்டித்த ஐரோப்பியர் தம் வீட்டு மேசையில் எத்தனை தமிழரை உட்கார வைத்தார்கள் என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் கண்டித்தவரின் குறையால் கண்டிக்கப்பட்ட செயல் சரியாகிவிடாது. இங்கிலாந்தின் வாடகை இருக்கையும் கொரிந்துப் பந்தியின் குற்றமேதான். கிரவுலின் வாதத்துக்குப் பதில் சற்று ஆழமாகச் சொல்ல வேண்டும். தெருவிலும் கல்யாணத்திலும் சாதி சமூக ஏற்பாடாக இருந்திருக்கலாம். அங்கே பொறுமைக்கு இடம் உண்டென்றும் வாதிடலாம். திருவிருந்து மேசைக்கு வந்துவிட்ட பிறகு அது சமூக ஏற்பாடாக நிற்கவில்லை, கிறிஸ்துவின் உடல் யாருடையது என்ற உபதேசமாகிவிட்டது. தானாக உதிரும் என்ற நம்பிக்கையும் ராஜநாயக்கன் காலத்திலிருந்து நூறு ஆண்டு சோதிக்கப்பட்ட ஒன்று, உதிரவில்லை. இன்னொன்றும் உண்டு. இந்த விவாதம் முழுவதும் வேளாளருக்கும் வெள்ளையருக்கும் இடையில் நடந்தது. பின்னால் நிறுத்தப்பட்டவர்கள் இன்னும் எத்தனை தலைமுறை காத்திருக்கச் சம்மதிக்கிறார்கள் என்று அவர்களைக் கேட்டுக் காலக்கெடு வைத்தவர் யாருமில்லை.

கண்டிப்பும் தோற்றதே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1850-ல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே மதுரையின் அமெரிக்க மிஷன், சேர்ந்து உண்ண மறுத்த ஊழியர்களை நிறுத்திவைத்தது. அப்படியும் சாதி பார்த்து மணம் முடிப்பது எந்தச் சபையிலும் நிற்கவில்லை. உண்மைதான், உள்ளத்தை ஆணை மாற்றாது. ஆனால் நிறுவனம் யார் பக்கம் நிற்கிறது என்பதை ஆணை மாற்றும், அதன் பயன் சிறிதல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயமே 1872-ல் இரு கிளையாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, அதை நோக்கிய கூடங்கள் இரண்டு, நடுவே சுவர், ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார் உள்ளிட்ட பிறர். சண்டையைத் தவிர்க்கச் சபையே எழுப்பிய சமாதானம் அது. 1910-ல் பங்குக் குரு கௌசானல் அந்த நடுச்சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, தோற்றது. வடக்கன்குளத்தில் யாருடைய மனமாவது அன்று மாறியதா என்பது வேறு விஷயம். பிரித்துவைக்கும் சுவருக்காக வாதாடச் சபை அந்த நீதிமன்றத்துக்குப் போகவில்லை, அதற்கு எதிராக நின்றது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் உட்பட, இறந்தவர்களையும் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவர்களைப் பற்றி இன்று எழும் முறையீடுகளில் ஆயர்களிடமும் பேராயர்களிடமும் கேட்கப்படுவது அந்த அளவுக்குத்தான்: ஊர் வழக்கம் என்று ஒதுங்கி நிற்காமல், 1910-ல் ஒரு பங்குக் குரு எடுத்த பக்கத்தை எடுக்க வேண்டும்.