பயோரிதத்தைச் சோதித்த தலைமுறை

நம் உளவியல் துறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரிய ஆய்வகங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். இம்மலருக்காக நான் எடுத்துக்கொண்டது ஒரு சிறிய ஆய்வு. கோல்ஃப் ஆட்டக்காரர்களின் வெற்றி தோல்வியை அவர்களின் பிறந்த தேதியைக் கொண்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று நம் முன்னோர் கணக்கிட்டுப் பார்த்த கதை இது.

இதன் வேர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெர்லின் நகரில் இருக்கிறது. சிக்மண்ட் ஃப்ராய்டின் நெருங்கிய நண்பரான வில்ஹெல்ம் ஃப்ளீஸ் அங்கே மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்தார். நோய், பிறப்பு, இறப்பு நாட்களைச் சலிக்காமல் குறித்துவைத்து, மனித வாழ்வு 23 நாள், 28 நாள் சுழற்சிகளில் ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1906இல் அதைப் பெரும் நூலாகவும் வெளியிட்டார். வியன்னாவின் உளவியலர் ஹெர்மன் ஸ்வோபோடாவும் அதே எண்களைத் தனியே முன்வைத்தார். 1920களில் இன்ஸ்ப்ரூக்கைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் டெல்ட்ஷர் 33 நாள் அறிவுச் சுழற்சியைச் சேர்த்தார். ஃப்ளீஸின் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. 23க்கும் 28க்கும் ஒன்றைத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாததால், அவற்றின் மடங்குகளைக் கூட்டியும் கழித்தும் எந்த முழு எண்ணையும் எட்டிவிடலாம். ஆனாலும் தம் கருத்தை எண்ணாக எழுதிவைத்ததற்காக அவரை மதிக்க வேண்டும். எண்ணாக இருந்ததால்தான் பின்வந்தவர்களால் அதைச் சோதிக்க முடிந்தது.

1964இல் ஜார்ஜ் தாமன் எழுதிய நூல் பயோரிதம் எனப்படும் இச்சுழற்சிக் கொள்கையை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. 1975இல் பெர்னார்ட் கிட்டெல்சனின் நூல் வந்ததும் பயோரிதம் காட்டுத்தீயாகப் பரவியது. காசியோ நிறுவனம் பயோரிதம் கணக்கிடும் கால்குலேட்டரையே விற்றது. உடல் (23 நாள்), உணர்ச்சி (28 நாள்), அறிவு (33 நாள்) என, பிறந்த நாளில் நடுக்கோட்டிலிருந்து தொடங்கும் மூன்று அலைகள். அலை நடுக்கோட்டைக் கடக்கும் நாள் ‘நெருக்கடி நாள்’, அன்று ஆட்டம் சறுக்கும் என்றார்கள்.

இதைச் சோதிக்க கோல்ஃபைப் போலத் தோதான களம் வேறில்லை. பெரிய போட்டிகளில் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் ஆட்டம், 72 குழிகள். எதிராளி பந்தைத் தடுப்பதில்லை. ஒவ்வொரு நாளின் திறனும் ஸ்கோர்கார்டில் ஒற்றை எண்ணாக நிற்கிறது.

கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸை எடுத்துக்கொள்வோம். பிறந்தது 1940 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. 1975 ஏப்ரல் 13 அன்று அவருக்கு வயது 12,866 நாள். 28ஆல் வகுத்தால் மீதி 14. உணர்ச்சி அலை சரியாக நடுக்கோட்டில் இருக்கும் நெருக்கடி நாள் அது. அன்றுதான் அகஸ்டா மைதானத்தின் 16ஆம் குழியில் ஏறத்தாழ 40 அடி தூரத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளினார். ஜானி மில்லரையும் டாம் வைஸ்காஃபையும் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் முந்தி மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். 28 என்பது ஏழின் மடங்கு. ஆகவே ஞாயிறன்று பிறந்தவருக்கு ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு நெருக்கடி நாளாகவே அமையும். கோல்ஃபின் இறுதிச்சுற்றோ பெரும்பாலும் ஞாயிறுதான்.

ஒருவரின் ஒரு வெற்றி எதையும் நிறுவாது என்பதை நம் துறையினர் நன்கு அறிவார்கள். அதனால்தான் டேவிட் ஹோம்ஸ் குழுவினரின் ஆய்வைப் பெருமையோடு இங்கே பதிவு செய்கிறேன். கர்ட்ரைட், மெக்கால், திஸ்ஸன் ஆகியோர் அவருடைய உடன் ஆய்வாளர்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் தேறும் காலம், இறப்பு நாள், தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்களின் திறன் ஆகிய மூன்றையும் பயோரிதத்தோடு ஒப்பிட்டார்கள். பிறந்த நாளிலிருந்து போட்டி நாள் வரை, லீப் ஆண்டுகளையும் விடாமல், ஆள் ஆளாக நாட்களைக் கணக்கில் கொள்ள வேண்டிய வேலை இது. மூன்றிலும் பயோரிதம் எதையும் முன்னறிவிக்கவில்லை. 1980இல் பயன்பாட்டு உளவியல் ஆய்விதழில் முடிவு வெளியானது. ‘இல்லை’ என்ற விடைக்காக இவ்வளவு உழைத்து, அந்த விடையை அப்படியே அச்சில் தருவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

1998இல் டெரன்ஸ் ஹைன்ஸ் 134 பயோரிதம் ஆய்வுகளை ஒருசேரப் படித்து, இக்கொள்கை செல்லாது என்று எழுதினார். ஆதரவான முடிவு தந்த ஆய்வுகளில் முறைப் பிழையும் புள்ளியியல் பிழையும் இருப்பதைக் காட்டினார்.

ஆனால் உடலுக்கு உண்மையான கடிகாரம் ஒன்று உண்டு. பயோரிதம் பரவிய அதே 1970களில், 1971இல், ஆய்வாளர்கள் கோனோப்காவும் பென்சரும் பழ ஈயில் அதற்குரிய மரபணுவின் இருப்பிடத்தைக் காட்டினார்கள். அவ்வழியில் உழைத்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கடிகாரத்தின் சுற்று ஏறத்தாழ 24 மணி நேரம்.

நம் மாணவர்கள் ஒரு பயோரிதக் கணக்கைத் தம் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும். நிக்லாஸ் 46 வயதில் தம் ஆறாவது மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்ற நாள் 1986 ஏப்ரல் 13. பிறந்ததிலிருந்து 16,884ஆம் நாள். அதை 28ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி பூஜ்யம்.