அமெரிக்க அறுவை மருத்துவப் பயிற்சியில் பன்முகத்தன்மைப் பொறுப்பாளர்

அமெரிக்க மருத்துவமனைகளின் அறுவை மருத்துவ ரெசிடென்சிப் பயிற்சியில் இனம், பாலினம், குடும்பப் பின்னணி காரணமாக எவரும் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்பவர் பன்முகத்தன்மைப் பொறுப்பாளர். துறையின் துணைத்தலைவர், பயிற்சித் திட்டத்தின் இணை இயக்குநர், ரெசிடென்டுகளின் பிரதிநிதி என்று இடத்துக்கு இடம் பதவியின் பெயர் மாறும், அதிகாரமும் மாறும்.

ரெசிடென்ட் என்றால் அங்கேயே குடியிருப்பவர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் தொடங்கிய முறையில் பயிற்சி மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கினார். பலர் சேர்வார்கள், மேலே போகப் போக இடம் குறையும். யாரை மேலேற்றுவது என்பது துறைத் தலைவரின் கையில் இருந்தது. கறுப்பினத்தவருக்கு அந்த ஏணியின் முதல் படிக்கு வருவதே பெரும்பாடு. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வெளியான ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அப்போதிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹாவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின.

இப்படியொரு பதவி உருவாகும் முன்பே அந்த வேலையைச் செய்தவர் லீவை வாட்கின்ஸ். வாண்டர்பில்ட் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான அவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இதய அறுவைப் பிரிவின் முதல் கறுப்பினத் தலைமை ரெசிடென்ட் ஆனார். 1979இல் அங்கே மாணவர் சேர்க்கைக் குழுவில் இடம்பெற்று, சிறுபான்மை மாணவர்களைத் தேடித் தேடி அழைத்தார். மறு ஆண்டே, இதயத் துடிப்பைச் சீராக்கும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டரை மனித உடலில் முதன்முதலாகப் பொருத்தியவரும் அவர்தான்.

பதவி பரவலானது 2019ஐ ஒட்டி. பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்விக்கான அங்கீகாரக் குழு, பன்முகத்தன்மை கொண்டவர்களைச் சேர்த்துத் தக்கவைக்கும் முயற்சியை அந்த ஆண்டு ஜூலை முதல் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 262 பயிற்சித் திட்டங்களின் 7,409 ரெசிடென்டுகளின் பதில்களைத் தொகுத்தது. பெண்களில் 65.1 சதவீதம் பேர் பாலினப் பாகுபாட்டைச் சந்தித்திருந்தனர். பெரும்பாலும் அப்படி நடந்துகொண்டவர்கள் நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும்தான். வசவுக்கோ பெரும்பாலும் மூத்த அறுவை மருத்துவர்களே காரணம். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. டாக்டரை நர்ஸ் என்று அழைக்கும் நோயாளியை வார்டிலேயே திருத்திவிடலாம். தன் பயிற்சி மதிப்பீட்டில் கையெழுத்திடப்போகும் மருத்துவர்மீது ஒரு ரெசிடென்ட் யாரிடம் புகார் சொல்வது? பொறுப்பாளரின் உண்மையான சோதனை இந்த இடத்தில்தான்.

மற்ற வேலைகளில் முக்கியமானது ரெசிடென்டுகளைத் தேர்ந்தெடுப்பது: விண்ணப்பப் புகைப்படத்தை மறைப்பது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, மதிப்பெண்ணோடு வாழ்க்கைப் பாதையையும் பார்ப்பது. மருத்துவ உரிமத் தேர்வின் முதற்கட்டம் 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால் இதற்கு அவசியம் கூடியது. சில சங்கதிகள் வெளியார் கண்ணில் படாது. ஐந்தரை அளவுக் கையுறை போடும் மருத்துவருக்கு லேப்ராஸ்கோப்பி ஸ்டேப்லரின் பிடி ஒரு கைக்குள் அடங்காது. அவர் இரு கைகளாலும் அழுத்துவதைக் கண்டு திறமைக் குறைவு என்று குறித்துவிடுவார்கள். குறை கருவியில் இருக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது.

இந்தப் பொறுப்பு பெரும்பாலும் துறையில் இருக்கும் ஒரே கறுப்பினத்தவர் அல்லது ஓரிரு பெண்கள் தலையில் விழுகிறது. சம்பளமோ ஒதுக்கிய நேரமோ இல்லாத இந்தச் சுமைக்கு ‘சிறுபான்மை வரி’ என்று பெயர். ஆராய்ச்சிக்கான பொழுதைக் கூட்டங்கள் தின்றுவிட, பதவி உயர்வு தள்ளிப்போகிறது. நேரமும் நிதியும் தராமல் பெயர்ப்பலகை மட்டும் மாட்டுவதைவிடப் பதவியே இல்லாமல் இருப்பது நேர்மை.

இதற்கிடையே, கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 2024 ஜனவரி 1 முதல் பன்முகத்தன்மை அலுவலகங்களுக்கே சட்டம் இடம் தரவில்லை. அங்கீகார அமைப்புகளின் பன்முகத்தன்மை விதிகளுக்கு எதிராக 2025 ஏப்ரலில் வந்த அதிபர் ஆணையை அடுத்து, மே மாதம் அங்கீகாரக் குழு தன் 2019 விதியின் அமலாக்கத்தை நிறுத்திவைத்தது.