ஆயிரமா, ஆயிரத்து இருபத்துநான்கா?

500 ஜிகாபைற் என்று பொறிக்கப்பட்ட வன்தட்டை வாங்கிவந்து கணனியில் இணைத்தால், விண்டோஸ் 465 என்றே காட்டுகிறது. ஊரிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த கலியாணப் படங்களையும் காணி உறுதிகளையும் பிரதிசெய்து வைக்கவென வாங்கிய நாம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே முதலில் எண்ணினோம். எவரும் ஏமாற்றவில்லை. ஒரே பெயர் இரண்டு அளவுகளுக்கு வழங்கியதன் விளைவே இது.

எமது யாழ்ப்பாணத்து உறுதிகளும் இதனை அறியும். இலாச்சம் என்னும் சொல் நெற்காணியில் ஓர் அளவையும் வரகுக் காணியில் வேறோர் அளவையும் குறித்தது. ஆகவே எந்த விதைப்பு என்பதையும் முன்னோர் சேர்த்தெழுதினர். கணனிக்காரர் அவ்வாறு எழுதவில்லை.

ஆம் அல்லது இல்லை என்னும் ஒரு தெரிவைக் குறிக்கும் 'பிற்' என்ற சொல், 1948இல் குளோட் ஷனன் எழுதிய கட்டுரையில் அச்சேறியது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வேர்னர் புக்கோல்ஸ், பிற்றுகளின் தொகுதிக்குப் 'பைற்' என்று பெயரிட்டார். எட்டுப் பிற் ஒரு பைற் என்பது, 1964இல் அந்நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 கணனிகளின் பின்னரே ஊன்றியது.

சிக்கல் 'கிலோ'வில் தொடங்கிற்று. 1795இல் பிரான்ஸ் சட்டமாக்கிய அளவுமுறையில் கிலோ என்றால் 1000. கணனியின் நினைவகமோ இரண்டிரண்டாகப் பெருகுவது. பத்து முகவரிக் கம்பிகளால் 1024 இடங்களைச் சுட்டலாம். ஆயிரத்துக்கு அண்மையாயிருந்தமையால் அதனையும் கிலோ என்றே அழைத்தனர். இருபத்துநான்குதானே என்று விட்டது கூட்டுவட்டிபோல் வளர்ந்தது: கிலோவில் நூற்றுக்கு 2.4, மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, தெராவில் ஏறத்தாழ 10.

இரண்டையும் கலந்த வேடிக்கையும் நடந்தது. 1.44 மெகாபைற் நெகிழ்வட்டு கொண்டது 1,474,560 பைற்றுகள். அதனை ஒருமுறை 1000ஆலும் மறுமுறை 1024ஆலும் வகுத்தாலன்றி 1.44 வராது!

1998 டிசம்பரில் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு, 1024இன் வழிவந்த அளவுகளுக்குக் கிபி, மெபி, கிபி எனச் செவிக்கு மயக்கந்தரும் புதுப் பெயர்களை ஏற்றது. மூன்றாவது, ஜிகாவுக்கு ஈடானது. பொதுமக்கள் அவற்றைப் பெரிதாகக் கைக்கொள்ளவில்லை. வன்தட்டு உற்பத்தியாளர் 1000ஐக் கொண்டு எண்ணுகின்றனர். ஆப்பிளும் 2009இல் தன் மக்கின்ரோஷ் கணனிகளில் அதற்கு மாறியது. விண்டோஸ் மட்டும் 1024ஆல் வகுத்துவிட்டுப் பழைய பெயரையே எழுதுகிறது.

பழைய தட்டில் 480 ஜிகாபைற் நிறைந்திருப்பதாக விண்டோஸ் காட்டினால், 500 என்று பொறித்த புதிய தட்டில் அது அடங்காது. வாங்குமுன் பெட்டியிலுள்ள எண்ணை 0.93ஆற் பெருக்கிப் பாருங்கள். ஒரு தெராபைற் என்பதை 1000 ஜிகாபைற்றாகக் கொள்க. திரையில் 931 என்று வரும்.